அழுத்திப் பிடிக்கும் நேரம்

ஜூலை 1, செவ்வாய்

புது டாக்டர் வந்ததிலிருந்து எனக்குத் தலைவலி. பெயர் அன்சாரி. சின்ன வயது, நல்ல மனிதர், அதனால்தான் தலைவலி. காலையில் பேஷண்டுகளைப் பார்த்து முடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எமரன்சியா சிஸ்டர், டயாலிசிஸுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கடைசிக் காலத்துல என்ன வேணும், என்ன வேண்டாம்னு கேட்டு வைக்கணும். வென்டிலேட்டர் போடலாமா, எங்க இருக்க ஆசைப்படுறாங்க, யார் அவங்களுக்காகப் பேசணும். முடியாமப் போன அன்னைக்கு ஓடிப்போய்க் கேக்க முடியாது."

"நீங்களே கேக்கலாமே சார்" என்றேன்.

"நான் வாரத்துல ரெண்டு நாள் எட்டிப் பாக்கிறவன். நீங்கதான் அவங்களோட இருக்கிறவங்க."

இத்தனை வருட சர்வீஸில் யாரும் இப்படி மரியாதையாகச் சொல்லி என்னிடம் வேலை வாங்கியதில்லை. சரி என்றுவிட்டேன். சூட்டோடு சூடாக இரண்டாவது மெஷினில் படுத்திருந்த ரெங்கநாயகம் சாரிடம் போனேன். தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். "சார், ஒருவேளை உடம்பு ரொம்ப முடியாமப் போச்சுன்னா…" என்று ஆரம்பித்ததுமே தலையைத் தூக்கிவிட்டார்.

"ஏம்மா, கைல ரெண்டு ஊசியக் குத்தி நாலு மணி நேரத்துக்குக் கட்டிப்போட்டுட்டு இதக் கேக்கியே, எனக்கு எந்திரிச்சு ஓடவா முடியும்?"

வார்டே சிரித்தது. டெக்னீசியன் செல்வின் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மெஷின் ஓடும்போது கேட்கக் கூடாது.

ஜூலை 3, வியாழன்

பலவேசம் அண்ணாச்சி இன்று எடை பார்க்க ஏறும்போது, "தண்ணி லோடு கூடிப் போச்சு சிஸ்டர். எறக்கிட்டு காலி வண்டியா அனுப்புங்க" என்றார். துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். நாங்கள் எடை பார்ப்பது அவருக்குத் தமாஷாக இருக்கிறது. மூன்று வருடமாக இதே ஜோக்தான். மூன்று வருடமாக நானும் சிரிக்கிறேன்.

மெஷினை நிறுத்தி ஊசியை எடுத்த பிறகு, அந்த இடத்தில் பஞ்சை வைத்து ஒரு பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தம் பீய்ச்சும். மற்றவர்கள் இன்னொரு கையால் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். அண்ணாச்சியின் வலது கை விரல்கள் என்றோ ஒரு லாரியின் பின்கதவில் நசுங்கியவை, அழுத்தம் நிற்காது. அதனால் நான் பிடிப்பேன். செல்வின் பிடிக்கலாம். ஆனால் அவன் ஒரு கண்ணைச் செல்போனில் வைத்துக்கொண்டு பிடிப்பான். அதனால்தான் நான்.

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த கையில் விரல் வைத்தால் உள்ளே தையல் மெஷின் ஓடுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது இருக்கிறவரைக்கும் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிடித்திருக்கும்போது அவரும் எங்கும் போக முடியாது, நானும் போக முடியாது. கேட்பதென்றால் இந்த நேரத்தில்தான் கேட்க வேண்டும் என்று இன்று பட்டது. கேட்கவில்லை. அவர் ஏதோ ஒரு லாரி டிரைவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். துணி துவைத்தேன். மீன் வாங்கவில்லை. ஓர் ஆளுக்கு மீன் ஆய்ந்து குழம்பு வைப்பது வம்பு. சாயங்காலம் வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்து டேங்க் நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்தக் கூடாதா என்று கேட்டார். இன்று என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான். நிறுத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

"ரெங்கநாயகம் சார்ட்ட கேட்டதுதான? கேளுங்க. எப்ப நம்ம முறை வரும்னு பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்."

நான் வாயில் வைத்திருந்த டாக்டர் பாஷை எல்லாம் வீணாகிவிட்டது. அவரே சொன்னார்.

"நடந்து வார வரைக்கும் வாரேன் சிஸ்டர். படியேறி, நானா அந்தத் தராசுல ஏறி நிக்க முடியுத வரைக்கும். தூக்கிட்டு வந்து போடுத நெலம வந்தா அதோட நிப்பாட்டிருங்க. தொண்டைல கொழாயச் சொருகி என்னைய இழுத்துப் பிடிக்க வேண்டாம். எங்க வீட்ல, ஃபேனுக்கு அடில, வடிவு பக்கத்துல இருந்தாப் போதும்."

"நிப்பாட்டினா ஒரு வாரமோ பத்து நாளோதான் அண்ணாச்சி. மூச்சு முட்டும். அதுக்கு மருந்து இருக்கு, டாக்டர் பாத்துக்கிடுவாரு. ஆனா தெரிஞ்சுதான் சொல்லுதியளா?"

"மூணு வருசமா ரெண்டு பக்கத்துக் கட்டில்லயும் ஆளு மாறிக்கிட்டே இருக்கதப் பாத்துக்கிட்டுத்தான படுத்திருக்கேன். தெரியாமலா?"

மனைவி வடிவு அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அவ்வளவு நேரம் சரளமாகப் பேசியவர் மேலே ஓடும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அவகிட்ட எனக்கு முடியாது. கல்யாணம் ஆன நாள்லருந்து அவகிட்ட ஒரு கெட்ட சேதி நான் சொன்னதில்ல. கிட்னி போச்சுங்கதக்கூட டாக்டர்தான் சொன்னாரு. நீங்க சொல்லிருங்க சிஸ்டர். ஒங்க மேல அவளுக்கு அம்புட்டு நம்பிக்க."

"சொல்லுதேன்" என்றேன்.

ரத்தம் எப்போதோ நின்றிருக்கிறது. செல்வின் வந்து, "சிஸ்டர், அடுத்த ஆளு வெளிய நிக்காரு" என்ற பிறகுதான் பஞ்சை எடுத்தேன்.

ஜூலை 12, சனி

வடிவு அக்கா எப்போதும் வராந்தாவில்தான் இருப்பார். ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரமும் கதவைப் பார்த்தபடி. செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. இன்று சொல்லிவிடலாம் என்று போனேன். வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அவிய எதும் தளந்து பேசினா நீங்கதான் தைரியம் சொல்லணும். எங்களுக்குப் பிள்ளையும் கெடையாது. அவியளும் போயிட்டா நான் எந்தச் சொவத்தப் பாத்துப் பேச?"

எனக்குத் தெரிந்த சுவர்கள் இருக்கின்றன அக்கா, பழகிவிட்டால் மோசமில்லை என்று சொல்ல வந்தது. அடக்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 15, செவ்வாய்

வடிவு அக்காவுக்கு முழங்கால் வலி. காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலியோடு இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 19, சனி

டாக்டர் லீவு. இந்த விஷயத்தை டாக்டரையும் வைத்துக்கொண்டு பேசுவதுதான் முறை. எதையும் முறையாகச் செய்ய வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டர் வந்துவிட்டார். "பலவேசம்கிட்ட பேசினீங்களா சிஸ்டர்? அவருக்கு ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு. சீக்கிரம் பேசிருங்க" என்றார்.

"பேசினேன் சார். யோசிச்சிட்டு இருக்காரு" என்றேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. மனிதர் என்றால் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

இன்று பேசியவர்கள் நான்கு பேர். எல்லாரிடமும் பஞ்சைப் பிடிக்கும் நேரத்தில்தான் கேட்டேன். ரெங்கநாயகம் சாரே இறங்கி வந்துவிட்டார். "எம் மவன் எடுக்குத முடிவுதான். ஆனா எம் மருமவ கிட்ட கேட்டுட்டு எடுக்கச் சொல்லு, அவதான் வெவரமானவ" என்றார். எனக்கு இந்த வேலை கைவந்துவிட்டது. மற்றவர்களிடம்.

ஜூலை 26, சனி

மாதா கோயில் கொடியேற்றம். பஸ்ஸெல்லாம் கூட்டம். யூனிட்டுக்குத் தாமதமாகப் போனேன்.

அண்ணாச்சி படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் ஏறிவிட்டார், அதுதான் முக்கியம். காலில் விரலை வைத்தால் குழி விழுகிறது. மெஷின் ஓடும்போது பிரஷர் இறங்கி ஒருமுறை கண் சொருகிவிட்டது. காலைத் தூக்கிவைத்து, சலைன் ஏற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் விழித்தார்.

பஞ்சைப் பிடிக்கும்போது கேட்டார். "சொல்லிட்டியளா?"

"சொல்லுதேன் அண்ணாச்சி. ஒரு நல்ல நாளாப் பாத்து."

"இதுக்கு என்ன நல்ல நாளு, வளைகாப்பா?" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நிறுத்திக்கொண்டால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அந்த நேரத்துக்கு நான்

இந்த வரியை முடிக்க வரவில்லை. நாளைக்குப் பூசைக்குக் கட்ட வெள்ளைச் சேலையைத் தேய்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

அண்ணாச்சி வரவில்லை. போன் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்தாள். நேற்று மூச்சு முட்டிப்போய் ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வாயில் குழாய் போட்டிருக்கிறார்களாம்.

போடலாமா என்று வடிவு அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்ற எதுவானாலும் போடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வேறென்ன சொல்வார்? அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லையே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குழாய் இன்னும் இருக்கிறது. கைகளைக் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்களாம், பிடுங்கிவிடாமல் இருக்க.

சோறு வடித்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா. ஊரே தெருவில் இருந்தது. எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். சப்பரம் போகும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், நான் அவள் வீட்டு ஆள் என்று நினைத்து என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தம்பி துபாயிலிருந்து போன் செய்து, "கூட்டத்துல என்னக்கா பண்ணுத தனியா?" என்றான். வீட்டில் மட்டும் கூட்டமாகவா இருக்கிறேன்?

மாதாவிடம் என்ன கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வந்துவிட்டார். வாசல்வரை சக்கர நாற்காலி. அங்கே அதை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். எடை பார்க்கும்போது ஜோக் இல்லை. மணிக்கட்டுகளில் கட்டின தடம் கறுத்துக் கிடந்தது.

நான் பஞ்சைப் பிடித்திருந்தேன். குழாய் போட்டதில் குரல் கரகரத்துப் போயிருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"சொல்லலியா சிஸ்டர்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லல அண்ணாச்சி."

"ஏன்?"

டாக்டர் லீவு, முழங்கால் வலி எல்லாம் வாய்வரை வந்தது. "மனசு வரல" என்றேன்.

"ரெண்டு பொம்பளயளும் சேந்துக்கிட்டு என்னைய அனுப்ப மாட்டேங்கியளே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது. அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையிலேயே டாக்டரிடம் போய், அண்ணாச்சி ஜூலையிலேயே தம் விருப்பத்தைச் சொல்லிவிட்டார், நான்தான் வடிவு அக்காவிடம் சொல்லவில்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னைக்குப் பேசிருங்க. நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன்" என்றார்.

ஊசியை எடுக்கும் நேரத்தில் வராந்தாவுக்குப் போய் வடிவு அக்காவைக் கூப்பிட்டேன். கூடையை எங்கே வைப்பது என்று தடுமாறினார். கையைக் கழுவச் சொல்லி, உறை மாட்டிவிட்டு, கட்டில் ஓரம் உட்கார வைத்தேன். "அக்கா, இன்னைக்கு நீங்க பிடிங்க. இந்தா, இந்த எடத்துல" என்று பஞ்சைக் காட்டினேன்.

அவர் நெருப்பைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, அந்தக் கையவா? தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். ஆபரேஷன் முடிந்து முதல் நாள் வந்தபோது, இந்தக் கையை யாரும் தொடக்கூடாது என்று நான் சொன்னேனாம். அன்றிலிருந்து அவர் தொடவில்லை. தெரியாமல்கூடப் பட்டுவிடக் கூடாது என்று கட்டிலை விட்டு இறங்கித் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். சோறு வைப்பதும் சட்டை மாட்டிவிடுவதும் வலது பக்கமாக நின்றுதான். மூன்று வருடமாக.

நான் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்வேன். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்பதையெல்லாம் சுருக்கி, தொடக்கூடாது என்றுவிடுவேன். மற்ற வீடுகளில் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள். இவர் வேதவாக்காக வைத்திருந்திருக்கிறார். அண்ணாச்சியாவது ஏன் கேட்கவில்லை என்று பார்த்தால், அவர் நினைத்தது வேறு. "ஊசிக் குத்தின கையப் பாத்து அருவருப்புப் படுதாளோன்னு இருந்துட்டேன்" என்றார்.

"அருவருப்பா? எனக்கா?" என்று வடிவு அக்கா அழுதுவிட்டார்.

அவருடைய இரண்டு கை விரல்களையும் எடுத்து நானே வைத்து அழுத்தினேன். பக்கத்தில் அந்த அதிர்வைத் தொட்டுக் காட்டினேன். ஆச்சரியமாக அண்ணாச்சியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன். நடக்க முடிகிறவரை வருவது, அதன்பிறகு நிறுத்துவது, குழாய் வேண்டாம் என்பது, வீடு, ஃபேன், நீங்கள் பக்கத்தில். ஒன்றையும் விடவில்லை.

"நான் கைய எடுத்துருவேன் சிஸ்டர்."

"எடுத்தா ரத்தம் வரும் அக்கா."

எடுக்கவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் கை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அந்த நசுங்கின விரல்களால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"எங்கிட்டச் சொன்னா என்ன? நான் என்ன செஞ்சிருவேன்?"

"அழுவ."

"அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்காவ சிஸ்டர்ட்டயா சொல்லி விடுவிய?"

இதற்குமேல் அங்கே நிற்க எனக்கு வேலை இல்லை. ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. திரும்பி வந்தபோதும் அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். நேரம் ஆகிவிட்டது, எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

படி ஏறினார். ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் வடிவு அக்கா, இடது கையைப் பிடித்தபடி. தராசில் தானாக ஏறி நின்றார். "காலி வண்டி ஆயிட்டு வருது சிஸ்டர்" என்றார். ஊசி எடுத்த பிறகு வடிவு அக்காதான் பிடித்தார். இப்போதெல்லாம் அவர்தான்.

போகும்போது அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்று வருடத்தில் கும்பிட்டதே இல்லை. நானும் கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வடிவு அக்கா போன் செய்தார். "கால் ஊன முடியல சிஸ்டர். தூக்கிட்டு வரட்டான்னு கேட்டேன். வேண்டாங்காவ." பிறகு, "சரின்னுட்டேன்" என்றார்.

டாக்டர் மருந்துகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார். "நீங்களும் வாங்களேன் சிஸ்டர்" என்றார். ஷிப்ட் இருக்கிறது என்றேன். ஷிப்ட் இருக்கத்தான் செய்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

அண்ணாச்சி படுத்திருந்த மூன்றாவது மெஷினுக்குப் புது ஆள். எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், இடத்தைச் சும்மா போட்டு வைக்க முடியாது. இவருக்கு இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன. தானே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பலவேசம் அண்ணாச்சி நேற்றுக் காலை இறந்துவிட்டார். வீட்டில்தான். டாக்டர் சொன்னார். மருந்து வேலை செய்திருக்கிறது, ரொம்பச் சிரமப்படவில்லை. நேற்றே தகனம் முடிந்துவிட்டது.

செல்வின், "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். ரெங்கநாயகம் சார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பேஷண்ட். நான் லீவு போடவில்லை. எதைச் சொல்லி லீவு கேட்பது?

செப்டம்பர் 7, ஞாயிறு

துணி துவைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மாவாக இருக்கும் என்று மோட்டாரை நிறுத்த எழுந்தேன். கதவைத் திறந்தால் வடிவு அக்கா. வெறும் நெற்றி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வினிடம் வழி கேட்டு வந்தாராம்.

"ஏன்க்கா இந்த வெயில்ல? நானே வந்திருப்பேனே."

"பதினாறு முடிஞ்சிட்டு. வருசம் திரும்பாம வெளிய எறங்கக் கூடாதுன்னு நாத்தனார் சத்தம் போட்டா. நான் போணும்னு வந்துட்டேன்."

உள்ளே வந்தார். ஒரே நாற்காலிதான் இருக்கிறது. அதை இழுத்துப் போட்டேன். உட்காராமல் தரையில் அமர்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

"அந்தக் கைமேலதான் தல வச்சிருந்தேன். கடேசி நாலஞ்சு நாளா அப்படித்தான். அந்த ஓட்டம் மெதுவா ஆகி நின்னுச்சு. டாக்டர் வரதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னை நேராகப் பார்த்தார். "துட்டி கேக்க வந்தேன்."

சாவு விழுந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை இந்தப் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். எனக்குப் பதறிவிட்டது. நான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை என்று குத்திக்காட்டுகிறாரோ என்று நினைத்தேன். "யாருக்குக்கா? எங்க வீட்ல யாரும்…" என்று உளறினேன்.

"எங்க வீட்டுக்கு எல்லாரும் வந்து கேட்டாச்சு" என்றார். "ஒங்கள யாரும் கேட்டிருக்க மாட்டாவன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

நான் எதிரே தரையில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். கீழே வீட்டுக்காரம்மா என்ன நினைத்தாரோ, மேலே ஏறி வரவில்லை.

வெயில் இறங்கிய பிறகு வடிவு அக்கா எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள்.